எதிர்க்க மாட்டாங்க, டைம் கேப்பாங்க

கேட்ட கேள்வி இது: "கரன்ட் கம்பெனி, நிலக்கரி கம்பெனியெல்லாம் சேர்ந்து சுற்றுச்சூழல் சட்டத்தையே அவங்க வசதிக்கு மாத்திக்கிறாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா எப்படி நடக்குது? பெட்டி குடுத்துதான் நடக்குதா, இல்ல வேற வழி இருக்கா?"

நான் ஒரு தனியார் மின் உற்பத்தி கம்பெனில (பேர் வேணாம்) ரெகுலேட்டரி டிபார்ட்மென்ட்ல ஒன்பது வருஷம் இருந்தவன். பேரப் பாத்து பெரிசா நினைச்சுக்காதீங்க, கெசட்ல எந்த நோட்டிஃபிகேஷன் வந்தாலும் காலையில மொத ஆளா படிச்சு, இது நமக்கு எத்தனை கோடி செலவு வைக்கும்னு ஒரு பக்கத்துல எழுதி மேல அனுப்பணும், அப்புறம் அதை குறைக்கவோ தள்ளிப்போடவோ ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணணும், அவ்ளோதான் வேலை. அதனால உள்ள இருந்து பாத்தத சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

பெட்டி விஷயத்த மொதல்ல முடிச்சிடலாம். அது எங்கயுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல 2019-ல ஹவுஸ் பில் 6-ன்னு ஒரு சட்டம் போட்டாங்க, ரெண்டு அணுமின் நிலையத்த காப்பாத்த ஜனங்களோட கரன்ட் பில்லுல இருந்து காசு எடுக்கறது, கூடவே பழைய நிலக்கரி பிளான்ட்டுக்கும் கொஞ்சம், அதே கையோட காத்தாலை சோலார் கரன்ட் இவ்ளோ வாங்கியே ஆகணும்னு இருந்த கட்டாயத்தையும் தளர்த்திட்டாங்க. பின்னாடி பாத்தா ஃபர்ஸ்ட்எனர்ஜி கம்பெனி பக்கத்துல இருந்து சுமார் 6 கோடி டாலர் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் கையில இருந்த ஒரு அமைப்புக்கு போயிருக்கு. 2021-ல கம்பெனி 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு, 2023-ல அவருக்கு 20 வருஷம் ஜெயில். நம்ம ஊர்ல தேர்தல் பத்திரம் கதை எல்லாருக்கும் தெரியும், 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டமே செல்லாதுன்னு சொன்னப்புறம்தான் யார் எவ்ளோ வாங்கினாங்கன்னு லிஸ்டே வெளிய வந்துச்சு.

ஆனா ஒன்பது வருஷத்துல நான் பெட்டி எதையும் பாக்கல. நான் பாத்ததெல்லாம் எக்செல் ஷீட், பவர்பாயின்ட், அப்புறம் "கால அவகாசம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்"னு முடியற லெட்டருங்க. புத்திசாலி கம்பெனி எந்த சுற்றுச்சூழல் விதியையும் நேருக்கு நேரா எதிர்க்காது, "உங்க நோக்கம் ரொம்ப சரி சார், நாங்களும் கூட இருக்கோம், ஆனா நடைமுறைல..."ன்னுதான் ஆரம்பிக்கும். அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வர்றதுதான் எல்லாமே. இதுக்கு நம்ம நாட்டுலயே முழுசா நடந்து முடிஞ்ச ஒரு கேஸ் இருக்கு, அனல்மின் நிலையத்துக்கு சல்ஃபர் டை ஆக்சைடு அளவு வச்ச கதை.

2015 டிசம்பர் 7. பாரிஸ்ல பருவநிலை மாநாடு நடந்துக்கிட்டு இருந்த அதே வாரம். நம்ம சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி நிலக்கரி பிளான்ட் புகையில தூசிக்கு மட்டும்தான் நாடு முழுக்க அளவு இருந்துச்சு, சல்ஃபருக்கு அளவே கிடையாது, புகைபோக்கி இவ்ளோ உயரம் இருக்கணும்னு மட்டும்தான் ரூல். 500 மெகாவாட்டும் அதுக்கு மேலயும்னா 275 மீட்டர். மவுன்ட் ரோடு எல்ஐசி பில்டிங் மாதிரி அஞ்ச ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா வர்ற உயரம். ஏன் அவ்ளோன்னா, புகை மேல போய் காத்துல கலைஞ்சு வேற எங்கயாவது போயிடும், பக்கத்துல இருக்கறவன் மூக்குல ஏறாது, அவ்ளோதான் லாஜிக். நம்ம குப்பைய பக்கத்து தெருவுல கொட்டற மாதிரி.

2015 ரூல் அதை மாத்துச்சு. 500 மெகாவாட்டுக்கு கீழ இருக்கற பழைய யூனிட்டுக்கு (யூனிட்னா ஒரு பிளான்ட்டுக்குள்ள தனித்தனியா ஓடற ஒவ்வொரு உற்பத்தி மெஷினும்) ஒரு கன மீட்டர் புகையில 600 மில்லிகிராமுக்கு மேல சல்ஃபர் டை ஆக்சைடு கூடாது, பெரிய யூனிட்டுக்கு 200, 2017-ல இருந்து வர்ற புது யூனிட்டுக்கு 100. நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், தண்ணி எவ்ளோ எடுக்கலாம்னு அதுக்கும் அளவு. பழைய யூனிட்டெல்லாம் ரெண்டு வருஷத்துல சரி பண்ணிடணும்.

சல்ஃபர் அளவ குறைக்கணும்னா எஃப்ஜிடின்னு ஒரு மெஷின் வைக்கணும். மெஷின்னு சொல்றேனே தவிர அது ஒரு பெரிய டவர், சுண்ணாம்புக்கல்ல அரைச்சு தண்ணில கரைச்சு மேல இருந்து மழை மாதிரி தெளிப்பாங்க, புகை கீழ இருந்து அதுக்குள்ள ஏறி வரும், சல்ஃபர் சுண்ணாம்போட சேர்ந்து கடைசியில ஜிப்சமா அடியில தங்கும், அத சிமென்ட் கம்பெனிக்கு விக்கலாம். டெக்னாலஜி ஒண்ணும் புதுசில்ல, உலகத்துல பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கறதுதான். ஆனா இடம் வேணும், புகைபோக்கிக்கு உள்பூச்சு மாத்தணும், யூனிட்ட கொஞ்ச நாள் நிறுத்திதான் குழாய இணைக்க முடியும், டெண்டர்ல ஆரம்பிச்சு ஓட்டிப் பாக்கற வரைக்கும் மூணு வருஷம் சாதாரணமா ஆகும்.

இப்ப பாருங்க, மூணு வருஷ வேலைக்கு ரெண்டு வருஷ கெடு. என் கணக்குல இதுதான் மொத்த கதையோட சாவி. முடியாத கெடு ஒண்ண எழுதி வச்சா சுற்றுச்சூழல் ஆளுங்க "கண்டிப்பான சட்டம்"னு சந்தோஷப்படுவாங்க, ஆனா எங்கள மாதிரி லெட்டர் எழுதறவனுக்கு அத விட பெரிய பரிசு கிடையாது, ஏன்னா நாங்க பொய்யே சொல்ல வேண்டியதில்ல. "சார் ரெண்டு வருஷத்துல முடியாது"ன்னு சொன்னா அது நிஜம். ஒரு உண்மைய முன்னாடி வச்சு அதுக்குப் பின்னாடி எவ்ளோ நேரம் வேணா உக்காந்துக்கலாம்.

உக்காந்தாங்க. மொத ரெண்டு வருஷம் யாருமே அசையல, விரல் விட்டு எண்ணிடலாம் ஆர்டர் குடுத்தவங்கள. யாரும் இந்த ரூல ஒழிச்சுக் கட்டுங்கன்னு ஊர்வலம் போகல. அசோசியேஷன் ஆஃப் பவர் புரொடியூசர்ஸ்னு தனியார் உற்பத்தியாளர் சங்கம் இருக்கு, அவங்க பக்கத்துல இருந்து லெட்டர் போச்சு, அரசு கம்பெனிங்க அவங்க அமைச்சகம் வழியா சொன்னாங்க. 2017 டிசம்பர்ல கெடு முடிஞ்சப்போ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு பிளான்ட்டுக்கும் தனித்தனியா புது தேதி குடுத்து 2022 வரைக்கும் நீட்டிச்சுது, டெல்லி சுத்துவட்டாரத்துக்கு மட்டும் 2019. பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, அங்கயும் பேச்சு கெடுவப் பத்திதான்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். கம்பெனிக்காரன் நேரா போய் சுற்றுச்சூழல் அமைச்சர பாக்கறத விட, மின்சார அமைச்சகத்த தனக்காக பேச வைக்கறதுதான் வேலை செய்யும். ஒரு அமைச்சகம் இன்னொரு அமைச்சகத்துக்கு எழுதினா அது லாபி இல்ல, "அமைச்சகங்களுக்கு இடையிலான ஆலோசனை". மின்சார அமைச்சகத்துக்கும் அதுல சொந்தக் கவலை இருந்துச்சு, டிஸ்காம் (வீட்டுக்கு வீடு கரன்ட் விநியோகம் பண்ற கம்பெனிங்க) எல்லாம் ஏற்கனவே கடன்ல முழுகிக் கிடக்கு, கரன்ட் விலை ஏறினா மாநில அரசு கத்தும், நாட்டுல நாலுல மூணு பங்கு கரன்ட் நிலக்கரில இருந்து வருது, வெயில் காலத்துல யூனிட்ட நிறுத்தினா யாரு பதில் சொல்றது. ஆக கம்பெனி கவலையும் அரசாங்க கவலையும் ஒரே கவலையா ஆயிடும், அதுக்கப்புறம் எது யாரோட குரல்னு பிரிக்கவே முடியாது. அதுவும் என்டிபிசி மாதிரி மிகப் பெரிய உற்பத்தியாளரே அரசாங்க கம்பெனின்னா "கார்ப்பரேட் வெர்சஸ் அரசு"ன்னு கோடு போட்டு பாக்கறதே தப்பு. (இருந்தாலும் ஆர்டர் குடுத்து வேலைய ஆரம்பிச்சதுலயும் என்டிபிசி தான் முன்னாடி, அதையும் சொல்லிடணும்.)

செலவு யாரு தலையிலன்னு ஒரு கேள்வி வரும். 2018 மே மாசம் மின்சார அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டுச்சு, எஃப்ஜிடி செலவ "சட்ட மாற்றம்"னு எடுத்துக்கணும்னு. அப்படின்னா ஒப்பந்தம் போட்டப்ப இல்லாத ஒரு செலவ அரசு புதுசா வச்சிருக்கு, அதனால மின்சார ஒழுங்குமுறை கமிஷன் (கரன்ட் விலைய முடிவு பண்ற அமைப்பு) அனுமதியோட அத கரன்ட் விலையில ஏத்திக்கலாம்னு அர்த்தம். புரியுதா, கம்பெனி பாக்கெட்ல இருந்து போறது கம்மி, கடைசியில நம்ம பில்லுல வரும். அப்ப எதுக்கு இவ்ளோ தயக்கம்னு நானே எங்க ஆபீஸ்ல கேட்டிருக்கேன். பதில்: கமிஷன் எவ்ளோ அனுமதிக்கும்னு தெரியாது, மொதல்ல பேங்க் கடன் வாங்கணும், ஏற்கனவே பேங்க்காரன் பவர் பிளான்ட்டுன்னாலே ஓடறான், அப்புறம் எங்க கரன்ட் விலை அஞ்சு பைசா ஏறினா வாங்கறவன் பக்கத்து பிளான்ட்டுல வாங்கிடுவான். மொதல்ல ஒழுங்கா வைக்கறவன்தான் நஷ்டப்படுவான், அதனால எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டே நின்னாங்க.

2020 ரொம்ப முக்கியமான வருஷம். மே மாசம் ஊரே லாக்டவுன்ல இருக்கறப்போ, 500 கிலோமீட்டருக்கு மேல கொண்டு போற நிலக்கரில சாம்பல் 34 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, கழுவித்தான் அனுப்பணும்ங்கற ரூல எடுத்துட்டாங்க. நம்ம ஊர் நிலக்கரி சாம்பல் ஜாஸ்தி, எண்ணூர் பக்கம் போனவங்களுக்கு அது என்ன பண்ணும்னு தெரியும். அக்டோபர்ல நைட்ரஜன் ஆக்சைடு அளவ 300-ல இருந்து 450-க்கு ஏத்தினாங்க, 2004-ல இருந்து 2016 வரைக்கும் வந்த யூனிட்டுக்கு. இதுல கம்பெனி பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்துச்சுன்னு நான் இப்பவும் சொல்லுவேன், சில யூனிட்ல நிஜமாவே அளந்து பாத்தாங்க, லோடு ஏறி இறங்கறப்போ 300-க்குள்ள நிக்கல. அளந்து காட்டிக் கேட்டா அது ஒரு விதமான ஈடுபாடு. நான் மறுக்கறது அத இல்ல.

அந்த வருஷக் கடைசியில மத்திய மின்சார ஆணையம் ஒரு பேப்பர் போட்டுச்சு. எல்லா பிளான்ட்டுக்கும் ஒரே ரூல் எதுக்கு, காத்து ஏற்கனவே சுத்தமா இருக்கற இடத்துல எஃப்ஜிடி எதுக்கு, இடத்தப் பொறுத்து வச்சிக்கலாம்னு. இங்கதான் கதை திரும்புது. அதுவரைக்கும் பேச்சு "எப்போ"ங்கறதப் பத்தி, அதுக்கப்புறம் பேச்சு "எதுக்கு"ங்கறதப் பத்தி. அஞ்சு வருஷம் டைம் வாங்கினதுல கிடைச்ச நிஜமான லாபம் இதுதான், கெடுவ ஒத்துக்கிட்டவன் தேவையே இல்லன்னு கேக்கற இடத்துக்கு வந்துட்டான், யாருக்கும் அது திடீர்னு தெரியல.

2021 ஏப்ரல்ல பிளான்ட்டெல்லாத்தையும் ஏ, பி, சின்னு மூணு பிரிவா பிரிச்சாங்க. டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தா ஏ, ரொம்ப மாசுபட்ட பகுதி பக்கத்துல இருந்தா பி, மத்ததெல்லாம் சி. கெடு 2022, 2023, 2024. தாண்டினா அபராதம், உற்பத்தி பண்ற ஒரு யூனிட் கரன்ட்டுக்கு இத்தனை பைசான்னு, மொத்தத்துல அதிகபட்சம் 20 பைசா, சி பிரிவுக்கு இன்னும் கம்மி. இப்ப எங்க ஆபீஸ்ல நாங்க போட்ட கணக்க நீங்களும் போட்டுப் பாருங்க. எஃப்ஜிடி வச்சு ஓட்டினா ஒரு யூனிட் கரன்ட்டுக்கு 25-30 பைசா ஆகும்னு இண்டஸ்ட்ரி சொல்லுது. வைக்காம அபராதம் கட்டினா அதிகபட்சம் 20. எக்செல்ல ரெண்டு வரி, முடிஞ்சுது. அந்த மீட்டிங் அஞ்சு நிமிஷம் கூட நடக்கல, எங்க மேனேஜர் "டீ வருதா பாருப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போயிட்டாரு. (அபராதம் கட்டினா அத பில்லுல ஏத்த முடியாதுங்கறது தனி கதை, ஆனா கெடு தள்ளிப்போகும்னு எல்லாருக்கும் தெரியும்ல, கட்ட வேண்டிய நாளே வராதுன்னு தைரியம்.)

தைரியம் வீண் போகல. 2022 செப்டம்பர்ல ரெண்டு வருஷம் தள்ளினாங்க, 2024 டிசம்பர் கடைசியில இன்னும் மூணு வருஷம். அப்புறம் 2025 ஜூலை 11, சி பிரிவு, அதாவது மொத்த யூனிட்ல சுமார் 78 சதவீதம், புகைபோக்கி உயரம் சரியா இருந்தா சல்ஃபர் ரூலே கிடையாது. பி பிரிவு 11 சதவீதம், ஒவ்வொண்ணா பாத்து முடிவு பண்ணுவாங்க. ஏ பிரிவு 11 சதவீதம், 2027 டிசம்பருக்குள்ள வைக்கணும். பத்து வருஷத்துல சுத்தி வந்து மறுபடியும் அதே புகைபோக்கில நிக்கறோம். திட்டத்துல இருந்த 537 யூனிட்ல அதுவரைக்கும் எஃப்ஜிடி வச்சது நாற்பத சுத்திதான்.

அரசு சொன்ன காரணம் ஒண்ணுமே இல்லாததுன்னு சொல்ல மாட்டேன். நம்ம நிலக்கரில சல்ஃபர் கம்மி, பெரும்பாலும் அரை சதவீதத்த ஒட்டித்தான், பல நகரத்துல காத்துல சல்ஃபர் டை ஆக்சைடு தேசிய அளவுக்கு கீழதான் இருக்கு, எஃப்ஜிடி ஓட்டவே கரன்ட் செலவாகும், சுண்ணாம்புக்கல்ல இருந்து கார்பன் டை ஆக்சைடும் வெளிய வரும். ஆய்வுகளும் காட்டினாங்க. எல்லாம் சரி. ஆனா இதுல ஒரு சின்ன கண்கட்டு இருக்கு. சல்ஃபர் டை ஆக்சைடு காத்துல அப்படியே நிக்காது, அம்மோனியாவோட சேர்ந்து சல்ஃபேட் துகளா மாறும், நுரையீரல் வரைக்கும் போற பிஎம் 2.5-ல அது ஒரு பங்கு. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி போய் அங்க தூசியா விழும். அதனால பிளான்ட் பக்கத்துல வாயு அளவ மட்டும் அளந்துட்டு "இங்க கம்மியாத்தான் இருக்கு"ன்னு சொன்னா அது உண்மைதான், கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. க்ரியா (CREA) மாதிரி காத்து மாசு பத்தி ஆராயற அமைப்புங்க இதத்தான் திரும்பத் திரும்ப சொன்னாங்க. சீனாவுல 2007-ல இருந்து பத்து வருஷத்துல சல்ஃபர் வெளியேற்றம் 75 சதவீதம் குறைஞ்சுது, அதே காலத்துல இங்க 50 சதவீதம் ஏறிச்சுன்னு 2017-லயே சாட்டிலைட் வச்சு பண்ணின ஆய்வு வந்துச்சு. அவங்களும் நிலக்கரிதான் எரிக்கறாங்க.

எண்ணூர பத்தி சொன்னேன்ல. அங்க சாம்பல் குழாய் ஓட்டையாகி கொசஸ்தலை ஆத்துலயும் உப்பளத்துலயும் சாம்பல் படிஞ்சு கிடக்கறத கண்ணால பாக்கலாம், கால வச்சா சாம்பல் குழம்பு மாதிரி உள்ள போகும், மீனவங்க போட்டோ எடுக்கறாங்க, பசுமைத் தீர்ப்பாயத்துல கேஸ் நடக்குது, அதிகாரி வந்து பாக்க வேண்டியதா இருக்கு. அதே புகைபோக்கில இருந்து போற சல்ஃபருக்கு நிறம் கிடையாது, போட்டோவுல விழாது, அது யாரு வீட்டு திண்ணையில இறங்குதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால அதப்பத்தி பேச கூட்டம் சேராது. கூட்டம் சேராத விஷயத்துலதான் கம்பெனியோட எக்செல் ஷீட்டுக்கு பலம் ஜாஸ்தி, ஏன்னா மேசையில இருக்கற ஒரே பேப்பர் அதுதான். எவ்ளோ செலவாகும், எத்தனை நாள் ஷட்டவுன், எத்தனை பைசா ஏறும்னு எல்லா நம்பரும் கம்பெனி கிட்ட இருக்கு, அரசுக்கும் அங்க இருந்துதான் வரணும்.

அந்த நம்பர எப்பவும் கொஞ்சம் தட்டித்தான் பாக்கணும். அமெரிக்காவுல 1990-ல அமில மழைய தடுக்க சட்டம் கொண்டு வந்தப்போ சல்ஃபர குறைக்க டன்னுக்கு 1,500 டாலர் வரைக்கும் ஆகும்னு இண்டஸ்ட்ரி பக்கம் சொன்னாங்க. சந்தையில 90-கள்ல ஒரு டன் வெளியேத்தறதுக்கான பர்மிட் விலை பெரும்பாலும் 200 டாலருக்கு கீழதான் இருந்துச்சு. சல்ஃபர் கம்மியான மேற்கு மாநில நிலக்கரி ரயில்ல சல்லிசா வந்துச்சு, ஸ்க்ரப்பர் (எஃப்ஜிடிக்கு அங்க அதான் பேரு) விலையும் குறைஞ்சுது. பொய் சொன்னாங்கன்னு இல்ல, ரூல் வர்றதுக்கு முன்னாடி யாரும் மலிவு வழிய தேட மாட்டாங்க, அதான் விஷயம். நானே போட்ட எஸ்டிமேட்ல ஒவ்வொரு வரியிலயும் "எதுக்கும் இருக்கட்டும்"னு கொஞ்சம் சேர்த்திருக்கேன், எனக்கு மேல இருக்கறவர் கொஞ்சம், அவருக்கு மேல இருக்கறவர் கொஞ்சம், கல்யாணத்துக்கு இலை எண்ற மாதிரி.

எல்லா கம்பெனியும் ஒரே பக்கம்னும் நினைக்காதீங்க. எஃப்ஜிடி கட்டற பெல் மாதிரி கம்பெனிக்கு ரூல் இருந்தாதான் ஆர்டர். அதே மாதிரி நம்ம கோயம்புத்தூர் திருப்பூர் பக்கத்து மில்காரங்கள எடுத்துக்கங்க, ஆடிக்காத்துல காத்தாலைல வர்ற கரன்ட்ட ஈபிகிட்ட "பேங்க்" பண்ணி வச்சு மத்த மாசத்துல எடுத்துக்கற வசதிக்காக வருஷக்கணக்கா வாரியத்தோட மல்லுக்கட்டறாங்க, கமிஷன், தீர்ப்பாயம்னு அலையறாங்க. அவங்க கேக்கறது லாபத்துக்குத்தான், ஆனா தமிழ்நாடு காத்தாலைல முன்னாடி நிக்கறதுக்கு அந்த லாப ஆசையும் ஒரு காரணம். 2022 ஜூன்ல மத்திய அரசு பசுமை மின்சார ஓப்பன் ஆக்சஸ் ரூல் கொண்டு வந்து ஒரு மெகாவாட் இருந்தாதான் வெளிய வாங்கலாம்னு இருந்தத 100 கிலோவாட்டா குறைச்சுது, அதுக்கும் பின்னாடி தொழில்துறைக்காரங்க கேட்டுக்கிட்டே இருந்ததுதான். அதுக்கு டிஸ்காம் எதிர்ப்பு, ஏன்னா நல்லா காசு கட்டற கஸ்டமர் வெளிய போயிடுவான், மிச்சம் இருக்கறது வீடும் இலவச கரன்ட் மோட்டாரும். ஆக கம்பெனி கொள்கையில தலையிடறதே தப்புன்னு சொல்ல முடியாது. யாரு, என்ன கேட்டாங்க, என்ன நம்பர் குடுத்தாங்கன்னு நமக்குத் தெரியணும், தெரியறதில்ல.

இந்த இடத்துலதான் நம்ம நாட்டுல பெரிய ஓட்டை. அமெரிக்காவுல 1995-ல இருந்து லாபி பண்றவன் பதிவு பண்ணி செலவக் காட்டணும்னு சட்டம் இருக்கு, ஐரோப்பிய யூனியன்ல ஒரு பதிவேடு இருக்கு. வேடிக்கை என்னன்னா 2012-ல வால்மார்ட் இந்திய சில்லறை வணிகத்துக்குள்ள வர்றதுக்காகவும் சேர்த்து லாபிக்கு எவ்ளோ செலவு பண்ணுச்சுன்னு நம்ம பார்லிமென்ட்ல ரகளை ஆனதே, அந்தத் தகவல் வந்தது அமெரிக்காவுல அவங்க கட்டாயமா தாக்கல் பண்ணின ஃபார்ம்ல இருந்து. நம்ம ஊர்ல அப்படி ஒரு ஃபார்மே கிடையாது.

கொஞ்சமா ஒரு ஜன்னல் இருக்கு. ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபி, பிஆர்எஸ்ஆர்னு (கம்பெனி சமூகப் பொறுப்போட நடக்குதான்னு சொல்றது) ஒரு ரிப்போர்ட்ட முன்னணி 1,000 லிஸ்டட் கம்பெனிக்கு 2022-23-ல இருந்து கட்டாயமாக்கி இருக்கு, ஆண்டறிக்கையோட வரும். அதுல கொள்கை 7-ன்னு ஒரு பகுதி, அரசு கொள்கையில செல்வாக்கு செலுத்தறப்போ பொறுப்பாவும் வெளிப்படையாவும் பண்ணணும்னு. நீங்க ஷேர் வச்சிருக்கற கம்பெனியோட ரிப்போர்ட்ட எடுத்து நேரா அந்தப் பக்கத்துக்குப் போங்க. மொத அட்டவணை, எந்தெந்த தொழில்துறை சங்கத்துல உறுப்பினர்னு, இது கட்டாயம், சிஐஐ, ஃபிக்கி, அசோசம்னு வரிசையா போட்டிருப்பாங்க, அதுல ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது, எங்க சங்கத்துல மெம்பர்னு சொல்ற மாதிரிதான். அதுக்கு கீழ இன்னொரு அட்டவணை, எந்தக் கொள்கைய ஆதரிச்சு வாதாடினீங்க, எந்த வழியில, அது பொதுவெளியில இருக்கா, போர்டு எப்போ எப்போ அத பாக்குதுன்னு. உருப்படியான கேள்வி. ஆனா அது "லீடர்ஷிப்" பிரிவுல இருக்கு, அப்படின்னா விருப்பப்பட்டா சொல்லலாம். நிறைய ரிப்போர்ட்ல அங்க "பொருந்தாது"ன்னு இருக்கும், இல்லன்னா "நிலைத்த வளர்ச்சிக்காக தொழில் சங்கங்கள் மூலம் கருத்துகளை வழங்குகிறோம்"ங்கற மாதிரி வழவழன்னு ஒரு வரி. அந்த மாதிரி ஒரு வரிய ரெண்டு நாள் மண்டைய உடைச்சு நான் எழுதியிருக்கேன், ஒண்ணும் சொல்லாம ஒரு வரி எழுதறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க.

கேள்விக்கு கீழ இன்னொருத்தர் கேட்டிருந்தாரு, வரைவு வந்தா நாம மெயில் அனுப்பறோமே, அத யாராவது படிப்பாங்களான்னு. 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (ஒரு திட்டத்துக்கு அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பாதிப்புன்னு பாக்கற ரூலோட வரைவு) வந்தப்போ லட்சக்கணக்குல மெயில் போச்சு, டெல்லி ஹைகோர்ட் அத எட்டாவது அட்டவணையில இருக்கற 22 மொழிலயும் போடச் சொன்னது கூட அப்போதான், அதுவரைக்கும் மூச்சு முட்டுதுன்னு சொல்ல வர்ற ஆளு ஹிந்தி இல்லன்னா இங்கிலீஷ் படிச்சிருக்கணும். அந்த வரைவு இறுதி வடிவத்துக்கு வரவே இல்ல. சாதாரணமா வரைவு நோட்டிஃபிகேஷனுக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள் தருவாங்க, பொது நலன்னு சொல்லி அதையும் தாண்டிப் போக ரூல்ல இடம் இருக்கு. வர்ற கருத்தெல்லாத்தையும் ஒரு அட்டவணையா போடுவாங்க: யாரு, என்ன சொன்னாங்க, பதில். கம்பெனி அனுப்பறது ஒவ்வொண்ணும் தனி வரிசையில நிக்கும், ஏன்னா எந்த ஷரத்து, எந்த வார்த்தைய எப்படி மாத்தணும், ஏன்னு போட்டு அனுப்புவோம். பொதுமக்கள் மெயில் ஐநூறு வந்தாலும் "பொதுவான கருத்துகள்"னு ஒரே வரிசையில சுருட்டிடுவாங்க, ஏன்னா அதுல "எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்காதீர்கள்"னு இருக்கும், அது உண்மைதான், ஆனா அட்டவணைக்குள்ள அத நுழைக்க அதிகாரிக்கு தெரியாது.

ஒரு தடவை ஒரு ரிடையர்டு ஈபி எஞ்சினியர் ஒரே பக்கம் கையெழுத்துல எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தாரு. புகைபோக்கில வைக்கற மீட்டர யாரு கேலிப்ரேட் (சரியா காட்டுதான்னு சோதிக்கறது) பண்றாங்க, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை, ஓடாத நாளுக்கு என்ன நம்பர் போடறீங்க, இந்த ஷரத்துல ஏன் அது இல்லன்னு நாலே கேள்வி. அவருக்கு தனி வரிசை கிடைச்சுது. அதுக்கு என்ன சொல்றதுன்னு அமைச்சகத்துல இருந்து சங்கத்துக்கு கேட்டாங்க, சங்கத்துல இருந்து எங்களுக்கு வந்துச்சு, நாங்க மூணு பேரு சனி ஞாயிறு ஆபீஸ்ல உக்காந்து பதில் எழுதினோம். நாலாவது கேள்விக்கு கடைசி வரைக்கும் எங்ககிட்ட பதில் இல்ல.